ஓய்வுக்குப் பின் வீடு: விற்பதா, வாடகைக்கு விடுவதா?

அரச சேவையாளர் ஒருவர் ஓய்வுபெறும்போது பணிக்கொடையையும் மாதாந்த ஓய்வூதியத்தையும் பெறுகின்றார். தனியார் துறை ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் கைக்கு வருகின்றன. கடை நடத்தியவருக்கும் கமம் செய்தவருக்கும் இவை எதுவும் இல்லை. ஆயினும் இம்மூவரில் பெரும்பாலானோரிடம் பொதுவாகக் காணப்படும் சொத்து ஒன்று உண்டு. அது அவர்கள் குடியிருக்கும் வீடு. வாழ்நாள் முழுவதும் சேர்த்த பணத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் அந்த வீட்டின் பெறுமதிக்குக் கிட்ட வராது என்பதே எம்மவர் பலரின் நிலையாகும்.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தோர் 12.4 வீதமாக இருந்தனர். அதன் பின்னர் அவ்வீதம் மேலும் உயர்ந்துள்ளது. அதேவேளை, பிள்ளைகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ டோஹாவிலோ, குறைந்தபட்சம் கொழும்பிலோ இருக்கின்றார்கள். நான்கு அறைகளும் ஒரு கிணறும் பத்துத் தென்னையும் உள்ள வளவில் அம்மாவும் அப்பாவும், அல்லது உம்மாவும் வாப்பாவும், தனித்திருக்கின்றார்கள். படிக்கட்டில் ஏறமுடியாத முழங்காலும், மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய தேவையும் வந்த பின்னர், “எங்களோடு வந்திருங்கள்” என்ற பிள்ளையின் அழைப்பை மறுக்க முடிவதில்லை. அப்போதுதான் வீட்டை என்ன செய்வது என்ற கேள்வி எழுகின்றது.

இக்கேள்விக்குப் பெரும்பாலான குடும்பங்களில் கிடைக்கும் விடை ஒன்றேயாகும். “முதலில் வாடகைக்குக் கொடுத்துப் பார்ப்போம், பிறகு யோசிக்கலாம்.” இது நிதானமான, எவருக்கும் மனவருத்தம் தராத விடையாகத் தோன்றுகின்றது. விற்றால் மீளப் பெற முடியாது, வாடகைக்குக் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம் என்ற நியாயமும் அதற்குப் பின்னால் உண்டு. ஆனால் இந்த நடுவழி அவ்வளவு செலவற்ற வழியன்று என்பதையே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

எமக்குத் தெரிந்த தம்பதியர் இருவர், இருவருமே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், யாழ்ப்பாணத்தில் நான்கு பரப்புக் காணியில் அமைந்த தமது வீட்டை விட்டுக் கொழும்பிலுள்ள மகளுடன் சென்று வாழ்வதற்குத் தீர்மானித்தனர். விற்கவேண்டும் என்பது தகப்பனாரின் எண்ணம். விற்கக்கூடாது என்பது தாயாரின் பிடிவாதம். அவர்களுடைய உண்மையான கணக்கை இங்கே எழுதுவது முறையாகாது என்பதால், அதே அளவுடைய வீடொன்றை உதாரணமாக வைத்து நாம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டின் விலை 3 கோடி ரூபா என்று கொள்வோம். மாத வாடகை 75,000 ரூபா. ஆண்டுக்கு 9 இலட்சம். அதாவது, வீட்டின் பெறுமதியில் 3 வீதம். இதிலிருந்து சோலைவரி, வர்ணப்பூச்சு, கூரைத் திருத்தம், கிணறு இறைப்பு, ஒரு குடியிருப்பாளர் போய் அடுத்தவர் வரும்வரை வீடு வெறுமனே கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றைக் கழிக்கவேண்டும். அதே வீட்டை விற்று, 3 கோடியை 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டால் ஆண்டுக்கு 24 இலட்சம், மாதத்துக்கு 2 இலட்சம் ரூபா கிடைக்கும். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் முற்கூட்டியே கழிக்கப்படுகின்றது. எனினும் தனிநபரொருவரின் வருமானத்தில் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரி விலக்குடையது. வீடு இருவருக்கும் சொந்தமானதாக இருந்து, விற்ற பணமும் கணவன், மனைவி இருவரின் பெயர்களிலும் பிரிந்திருந்தால், வேறு பெரிய வருமானமில்லாத இருவரும் வங்கியில் உரிய பிரகடனத்தைக் கொடுத்து அந்தக் கழிவையும் தவிர்த்துக்கொள்ளலாம்.

75,000 ரூபாவா, 2 இலட்சம் ரூபாவா என்று கேட்டால் சிறு பிள்ளையும் விடை சொல்லும். தகப்பனாரின் வாதமும் அதுவே.

ஆனால் இந்தக் கணக்கில் இடம்பெறாத ஒன்றை 2022 ஆம் ஆண்டு எம் அனைவருக்கும் காட்டிச் சென்றது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாகியது. சிரேஷ்ட பிரஜைகளின் வைப்புக்களுக்கு வழங்கப்பட்டு வந்த 15 வீத விசேட வட்டித் திட்டமும் அதே ஆண்டின் ஒக்டோபரில் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் வீட்டை விற்று வங்கியில் இட்டவர்களின் பணம் வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அப்பணத்தால் வாங்கக்கூடிய அரிசியும் மருந்தும் குறைந்துபோயின. வீட்டை வைத்திருந்தவர்களோ சீமெந்தும் கம்பியும் விலையேறியபோது தமது சொத்தும் கூடவே ஏறியதைக் கண்டனர். தாயாரின் பிடிவாதத்தை வெறும் பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்றாகும்.

ஆகவே, 2 இலட்சம் ரூபா வட்டி முழுவதையும் செலவு செய்வது உண்மையில் முதலைத் தின்பதற்கு ஒப்பானது. வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலுடன் சேர்த்துவந்தால்தான் அப்பணம் தன் பெறுமதியைக் காத்துக்கொள்ளும். அவ்வாறு சேர்த்த பின்னர் எஞ்சுவது எவ்வளவு என்பதையே வாடகையுடன் ஒப்பிடவேண்டும். அவ்வாறு ஒப்பிடும்போது இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். எனினும் எமது பகுதிகளில் வாடகை வீதம் குறைவாக இருப்பதால், அது முற்றாக மறைந்துவிடும் என்றும் கூறமுடியாது.

முஸ்லிம் வாசகர்களைப் பொறுத்தவரையில் இக்கணக்கு வேறொரு வடிவம் பெறுகின்றது. வட்டியை விலக்கி வாழ்பவருக்கு நிலையான வைப்பு என்ற தெரிவே இல்லை. இலாபப் பங்கீட்டு அடிப்படையிலான முழாரபா வைப்புக்கள் இன்று கிடைக்கின்றன. 2011 முதல் அமானா வங்கி இவ்வடிப்படையிலேயே இயங்கிவருகின்றது. வேறு சில வங்கிகளும் இதற்கெனப் பிரிவுகளை வைத்திருக்கின்றன. ஆயினும் அவற்றில் கிடைக்கும் இலாபம் முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்டதன்று. வாடகையோ ஐயமற்ற ஹலாலான வருமானம். மேலும், குடியிருக்கும் வீட்டுக்கு ஸகாத் இல்லை. வாடகைக்கு விடப்பட்ட வீட்டின் பெறுமதிக்கும் ஸகாத் இல்லை என்பதே பெரும்பான்மையான மார்க்க அறிஞர்களின் கருத்தாகும். அவ்வாடகையிலிருந்து சேமித்து ஓராண்டு தங்கிய பணத்துக்கே அது கடமையாகின்றது. விற்ற பணம் 3 கோடியும் ஓராண்டு கையிலிருந்தால் அதற்கு இரண்டரை வீதம், அதாவது ஏழரை இலட்சம் ரூபா ஸகாத்தாகும். அது கொடுக்கவேண்டிய கடமையே. கடமையைத் தவிர்ப்பதற்காக நாம் இதைக் கூறவில்லை. விற்பதற்கு முன் போடும் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதே எமது கருத்து.

ஓடும் கடிகாரம்

மேலே நாம் குறிப்பிட்ட நடுவழிக்கு வருவோம். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் மூலம் மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரல் முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 10 வீதமாக இருந்த இவ்வரி, தனிநபர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் 15 வீதமாக உயர்த்தப்பட்டது. காணி, வீடு ஆகியவற்றை விற்கும்போது கிடைக்கும் ஆதாயத்துக்கு இவ்வரி உண்டு. நெடுங்காலமாகச் சொந்தமாக உள்ள சொத்தாயின், 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதியன்று அது பெற்றிருந்த சந்தைப் பெறுமதியையே அடிப்படை விலையாகக் கொள்ளலாம்.

ஆனால் ஒருவருடைய பிரதான வதிவிடத்துக்கு இவ்வரியிலிருந்து விலக்கு உண்டு. அதற்கு நிபந்தனைகள் இரண்டு. விற்பதற்கு முந்திய மூன்று ஆண்டுகளும் வீடு தொடர்ச்சியாக அவருக்குச் சொந்தமாக இருந்திருக்கவேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அவர் அதில் குடியிருந்திருக்கவேண்டும். இது நாட்கணக்கில் கணிக்கப்படுகின்றது.

இதன் பொருள் என்ன? வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் சென்ற நாளிலிருந்து ஓராண்டு வரையில் வீட்டை விற்றால் வரி இல்லை. ஓராண்டைக் கடந்து ஒரு மாதம் சென்றாலும், கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்ததாகக் காட்ட முடியாது. விலக்கு போய்விடும். எமது உதாரணத்தில் 2017 செப்டெம்பரில் வீட்டின் பெறுமதி 1 கோடியே 70 இலட்சம் ரூபா என்றும், இன்று அது 3 கோடிக்கு விற்கப்படுகின்றது என்றும் கொள்வோம். ஆதாயம் 1 கோடியே 30 இலட்சம். அதற்கான வரி பத்தொன்பதரை இலட்சம் ரூபா. “வாடகைக்குக் கொடுத்துப் பார்ப்போம்” என்று இரண்டு ஆண்டுகள் பார்த்தால் கிடைக்கும் மொத்த வாடகை 18 இலட்சம். அந்த இரண்டு ஆண்டு வாடகையையும் கொடுத்து, மேலும் ஒன்றரை இலட்சத்தையும் சேர்த்தே வரியைக் கட்டவேண்டியிருக்கும். இரண்டு ஆண்டுகளில் வீட்டின் விலை ஏறியிருக்கலாமே என்று கேட்கலாம். ஏறியிருந்தால் அந்த ஏற்றத்துக்கும் 15 வீதம் உண்டு.

விற்ற பின்னர் 30 நாட்களுக்குள் இவ்வரிக்கான விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கவேண்டும் என்பதையும் பலர் அறிந்திருப்பதில்லை. உறுதி எழுதியதோடு எல்லாம் முடிந்தது என்றே எண்ணுகின்றார்கள். இன்னும் விற்கும் எண்ணம் இல்லாதவர்கள்கூட, 2017 இல் தமது வீட்டின் பெறுமதி என்ன என்பதற்குத் தகுதிவாய்ந்த மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையைப் பெற்று உறுதியோடு வைத்திருப்பது நன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அதை நிரூபிப்பது கடினமாகும்.

ஆகவே, திரும்பி வரப்போவதில்லை என்பது உறுதியாகத் தெரிந்தவர், வெளியேறிய முதலாவது ஆண்டிலேயே விற்பதுதான் புத்திசாலித்தனம் என்பது எமது கருத்தாகும். திரும்பி வரக்கூடும் என்று எண்ணுபவர் விற்கவே கூடாது. மகளுடைய வீட்டில் ஆறு மாதங்கள் இருந்த பின்னர் ஊருக்கே திரும்பிய பெற்றோரை நாம் எத்தனையோ பேரைக் கண்டிருக்கின்றோம். கொழும்பின் அடுக்குமாடி வீட்டுக்குள் அடைபட்டிருக்க முடியாமலும், பேசுவதற்கு ஒரு மனிதர் இல்லாமலும், கோயிலோ பள்ளிவாசலோ நடந்து போகும் தூரத்தில் இல்லாமலும் திரும்பியவர்கள் அவர்கள். திரும்புவதற்கு வீடு இருந்தமையால் திரும்பினார்கள்.

வாடகைக்காரர் பற்றிய பயம்

வாடகைக்குக் கொடுத்தால் வீடு போய்விடும் என்ற பயம் எமது மூத்த தலைமுறையினரிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. அது காரணமற்றதன்று. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைத் தொகையைக் கட்டுப்படுத்தியதோடு, குடியிருப்பாளரை வெளியேற்றுவதையும் மிகக் கடினமாக்கியது. குடியிருப்பாளர் இறந்தால் அவருடைய குடும்பத்தவருக்கும் அவ்வுரிமை சென்றது. அடுத்து வந்த 1973 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தின் கீழ், உச்சவரம்பை மீறிய வீடுகளை அவற்றில் குடியிருந்தவர்களே வாங்குவதற்கு விண்ணப்பிக்க முடிந்தது. சில நூறு ரூபா வாடகைக்காக முப்பது, நாற்பது ஆண்டுகள் வழக்காடிய வீட்டுச் சொந்தக்காரர்களின் கதைகள் கொழும்பிலும் கண்டியிலும் இன்றும் பேசப்படுகின்றன. பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களால் பிற்காலத்தில் வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை இக்கட்டுப்பாட்டிலிருந்து நீங்கிவிட்டன. ஆனால் பயம் நீங்கவில்லை.

2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமாக, குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட வளவுகளின் உடைமையை மீளப்பெறுவதற்கான சட்டம் நிறைவேற்றப்பட்டது. எழுத்து மூலமான குத்தகை முடிவடைந்த பின்னரும் வெளியேற மறுப்பவரிடமிருந்து, மாவட்ட நீதிமன்றத்தின் சுருக்கமான நடைமுறை மூலம் வீட்டை மீளப் பெறுவதற்கு இது வழிசெய்கின்றது. முன்னர் பல ஆண்டுகள் இழுபட்ட வழக்குகளோடு ஒப்பிடுகையில் இது பெரும் மாற்றமாகும். ஆனால் இதன் பயன் முறைப்படி குத்தகை எழுதியவருக்கே உரியது. 1840 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக எழுதப்படவேண்டும். கடையில் விற்கும் அச்சிட்ட படிவத்தில் முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டுவிட்டு, இரண்டு ஆண்டுக் குத்தகை என்று எண்ணியிருப்பவர்கள் எம்மிடையே ஏராளம். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சப்படுத்துவது சிக்கனமாகாது.

யுத்த காலத்தில் கொழும்பில் வாடகை அறை தேடி வீடு வீடாக ஏறி இறங்கி, பெயரைக் கேட்டதுமே கதவு சாத்தப்பட்ட அனுபவம் தமிழ் வாசகர் பலருக்கு உண்டு. இன்று வீட்டுச் சொந்தக்காரராகிய பின்னர், ஊரும் சமயமும் கேட்டு ஆட்களைத் தெரிவுசெய்பவர்களிலும் அவர்களிற் சிலர் இருக்கின்றார்கள் என்பதை வருத்தத்துடன் குறிப்பிடவேண்டியுள்ளது. குடியிருப்பாளரிடம் கேட்கவேண்டியது தொழில் என்ன, மாதம் தவறாமல் வாடகையைக் கட்ட முடியுமா, முன்னர் இருந்த வீட்டுக்காரர் என்ன சொல்கின்றார் என்பவையே.

வாடகைக்காரருக்குப் பயந்து பலர் செய்யும் காரியம், தூரத்து உறவினர் ஒருவரையோ தெரிந்தவர் ஒருவரையோ “பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வீட்டில் இருத்திவிட்டுச் செல்வதாகும். வாடகை இல்லை. எழுத்தும் இல்லை. எமது பார்வையில் இருக்கும் வழிகள் எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுவே. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பத்து ஆண்டுகள் இடையூறின்றிச் சொந்தக்காரருக்கு எதிரான உரிமையோடு ஒரு காணியை ஆண்டுவந்தால் அதற்கு உரித்துக் கோரமுடியும். சொந்தக்காரரின் அனுமதியுடன் இருப்பவருக்கு அவ்வுரிமை எளிதில் கிடைக்காது என்பது உண்மையே. ஆனால் அனுமதியுடன்தான் இருந்தார் என்பதை எதைக் கொண்டு காட்டுவது? இருத்தியவரும் இருந்தவரும் இறந்து, அடுத்த தலைமுறையினர் நீதிமன்றத்தில் நிற்கும்போது வாய்ப்பேச்சுக்குச் சாட்சி ஏது? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், யுத்தத்தால் இடம்பெயர்ந்த தமிழர்களும் திரும்பி வந்தபோது தமது வீடுகளில் வேறு மனிதர்களைக் கண்ட அனுபவத்தை இங்கு நினைவூட்டத் தேவையில்லை. அத்தகையோருக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்துக்கு விசேட ஏற்பாட்டைச் செய்தது. தாமாக விரும்பிப் பெயர்ந்து செல்பவருக்கு அத்தகைய சலுகை எதுவும் கிடையாது. உறவினரை இருத்துவதாயினும் அனுமதியுடன் தங்கியிருக்கின்றார் என்ற ஓர் எழுத்தும், சோலைவரிப் பற்றுச்சீட்டுக்கள் தம் பெயரில் தொடர்வதும் அவசியமாகும்.

வீடு யாருடையது?

விற்பதா வாடகைக்கு விடுவதா என்று விவாதிக்கும் பெற்றோர் பலரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, அவ்வீடு இன்னமும் அவர்களுடையதா என்பதாகும். குறிப்பாகக் கிழக்கில், மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்று வரையில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மகளின் திருமணத்தோடு வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுப்பது நெடுங்கால வழமை. முதல் மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் சிறியதொரு வீட்டுக்குப் பெயர்வர். அடுத்த மகளுக்கு அதையும் கொடுப்பர். இறுதியில் கடைசி மகளின் வீட்டில் ஓர் அறை எஞ்சும். அவர்களைப் பொறுத்தவரையில் ஓய்வுகாலத்துக்கான தீர்மானம் அறுபது வயதில் எடுக்கப்படுவதன்று. அது திருமண வீட்டுப் பந்தலின் கீழ் எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. மகளோடு உறவு நன்றாக இருக்கும்வரை இவ்வழமையைப் போல் பாதுகாப்பானது வேறில்லை. ஆனால் மருமகன் தொழிலில் நட்டப்பட்டு வீடு ஈட்டில் போனாலோ, மகள் முன்னரே இறந்துவிட்டாலோ, வயோதிபத் தாய் எதைக் காட்டி அங்கே இருப்பார்?

இதற்கு எமது சட்டத்தில் நல்லதொரு ஏற்பாடு உண்டு. நன்கொடை உறுதியோ சீதன உறுதியோ எழுதும்போது பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு வைத்தால் உயிருள்ளவரை அவர்கள் அவ்வீட்டில் இருக்கலாம், வாடகைக்கு விட்டு வருமானத்தை எடுக்கலாம். பிள்ளைக்கு ஆதனம் சேர்ந்துவிடும், ஆனால் பெற்றோரை வெளியேற்ற முடியாது. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் இந்த ஒரு வரியை விட்டுவிடுவதால் ஏற்பட்ட துயரங்களை எழுதப்புகின் இப்பக்கம் போதாது. எழுதிக்கொடுத்ததை மீளப் பெறலாமே என்று எண்ணுவதும் தவறு. மீளப்பெற முடியாததென எழுதப்பட்ட நன்கொடையை, பெறுநரின் பாரதூரமான நன்றிகேட்டைக் காரணமாகக் காட்டி இரத்துச் செய்வதாயின், 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றத் தீர்ப்பின் மூலமே அதனைச் செய்யமுடியும். பெற்ற பிள்ளையை நன்றிகெட்டவர் என்று கூண்டில் நிறுத்த எத்தனை தாய்மார் முன்வருவர்? முஸ்லிம்கள் செய்யும் சாதாரண நன்கொடை, மீளப்பெற முடியாததென உறுதியிலேயே கூறப்பட்டிருந்தாலன்றி அவ்வாறு கருதப்படமாட்டாது என 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. ஆகவே நொத்தாரிசு வழமையாகச் சேர்க்கும் அந்தச் சொற்றொடரைக் கையெழுத்திடுமுன் வாசித்துப் பார்க்கவேண்டும்.

கணவனை இழந்தவர்களின் நிலை மேலும் கவனத்துக்குரியது. மரண சாசனமின்றிக் கணவர் இறந்திருப்பின், பிள்ளைகளுள்ள முஸ்லிம் விதவைக்கு அவருடைய சொத்தில் எட்டில் ஒரு பங்கே உரியது. பொதுச் சட்டத்துக்கு உட்பட்டவருக்கு அரைவாசி. எஞ்சிய பங்குகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திடாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. வாடகையிலும் அவர்களுக்குப் பங்குண்டு. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணாயின், தனக்குச் சொந்தமான சீதன வீட்டை விற்பதற்கும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்ற 1911 ஆம் ஆண்டின் ஏற்பாடு உண்டு. பிரிபடாத பங்கை விற்பதாயின் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்கவேண்டும். வெளிநாட்டில் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்த ஒருவர், இரட்டைக் குடியுரிமை பெற்றாலன்றி, 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இங்கு காணியைப் பொதுவாக விலைக்கு வாங்க முடியாது. “மகனே வாங்கிக்கொள்ளட்டும்” என்று எண்ணும் குடும்பங்கள் இதை முதலிலேயே விசாரிக்கவேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணியில் வீடு கட்டியிருப்பவர்கள், அதிகாரிகளின் அனுமதியின்றி விற்கவும் முடியாது, குத்தகைக்குக் கொடுக்கவும் முடியாது. மலையகத் தோட்டங்களில் வாழ்நாள் முழுவதும் உழைத்து லயத்தில் ஓய்வுபெறும் தொழிலாளிக்கோ இந்தக் கேள்வியே எழுவதில்லை என்பதையும் மறந்துவிட முடியாது.

விற்பது, வாடகைக்கு விடுவது ஆகிய இரண்டுக்கும் அப்பால் மற்றொரு வழியும் உண்டு. வீட்டை விட்டுப் போகாமலே அதன் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவதுதான் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள திருநெல்வேலியிலும், வந்தாறுமூலையிலும், ஒலுவிலிலும் மாணவர்களுக்கு அறைகள் எப்போதும் தேவைப்படுகின்றன. கொழும்பில் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் ஒன்றுக்கு ஆள் தேடவேண்டியதில்லை. இரண்டு அறைகளை மாணவிகளுக்குக் கொடுத்திருக்கும் வயோதிபப் பெண்மணி ஒருவர், வாடகையை விட இரவில் வீட்டில் மனிதக் குரல் கேட்பதே பெரிதென்று எம்மிடம் கூறினார். இரவு நெஞ்சு வலித்தால் முச்சக்கர வண்டியை அழைக்க ஒருவர் இருப்பார். உடல் தளர்ந்து, பார்த்துக்கொள்ள ஆள் அவசியமாகும்வரையில் இதைவிட நல்ல ஏற்பாடு இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. வீடும் கையிலிருக்கும், குடியிருப்பும் தொடரும், வரிக் கடிகாரமும் ஓடத் தொடங்காது.

நாம் குறிப்பிட்ட ஆசிரியத் தம்பதியர் இறுதியில் வீட்டை விற்கவில்லை. நொத்தாரிசு ஒருவரிடம் சென்று, பத்து மாதங்களுக்கு மட்டும் குத்தகை எழுதி வங்கி ஊழியர் ஒருவருக்குக் கொடுத்திருக்கின்றனர். ஓர் அறையைப் பூட்டி, அதற்குள் தாயார் தமது பாத்திரங்களையும் சுவாமிப் படங்களையும் வைத்துச் சென்றிருக்கின்றார். பத்து மாதங்கள் முடிந்ததும் இருவரும் வந்து பார்த்து, இருப்பதா விற்பதா என்று முடிவெடுப்பார்களாம். விற்பதாயின் ஆண்டு நிறைவடைய இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கும். தகப்பனார் அத்திகதியைக் கொழும்பு வீட்டின் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கின்றார்.